கூரையின் சாவி யார் கையில்? யாழ்ப்பாணத்தில் தொலைநோக்கி இயக்கிய மூன்று ஆண்டுகள்

போன மாதம் ஒரு தம்பி தொலைபேசியில் அழைத்தார். வெளிநாட்டில் இருக்கும் பழைய மாணவர்கள் தங்கள் பாடசாலைக்குப் பெரிய தொலைநோக்கி ஒன்றை அனுப்பப் போகிறார்களாம். அதை இயக்கும் பொறுப்பை ஏற்கச் சொல்லி அவரைக் கேட்டிருக்கிறார்களாம். "அக்கா, நீங்கள் இந்த வேலை செய்தவர் என்று சொன்னார்கள். சேரலாமா?" என்றார். அவர் குரலில் இருந்த துள்ளல் எனக்கு நன்றாகப் பழகியது. 2019 இல் என் குரலும் அப்படித்தான் இருந்தது. "கூரையின் சாவி உங்கள் கையில் இருக்குமா, அலுவலகத்தில் இருக்குமா?" என்று கேட்டேன். அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை. அன்று ஒன்றரை மணி நேரம் பேசினோம். இதையெல்லாம் அன்றைக்கு எனக்கு ஒருவராவது சொல்லியிருந்தால் மூன்று இலட்சம் ரூபாவுக்கு மேல் என் கையை விட்டுப் போயிருக்காது, என் காப்புகள் அடகுக் கடைக்குப் போயிருக்காது. ஆகவே அவருக்குச் சொன்னதை இங்கே எல்லோருக்குமாக எழுதுகிறேன். நிலையத்தின் பெயரையோ ஆட்களின் பெயரையோ எழுதப்போவதில்லை. கெட்ட எண்ணத்தோடு நடந்தவர் என்று அங்கே ஒருவரும் இருக்கவில்லை.

பௌதிகவியலில் பட்டம் முடித்துவிட்டு வேலை தேடிக்கொண்டிருந்த காலம் அது. யாழ் நகரத்துக்குப் பக்கத்தில் உள்ள கல்வி நிலையம் ஒன்றுக்குப் பதினொரு அங்குலத் தொலைநோக்கி கொடையாக வருகிறது, அதை இயக்க இயக்குநர் ஒருவர் தேவை என்றார்கள். மாதம் 30,000 ரூபா. மாலை ஐந்து மணி முதல் இரவு பத்து மணி வரை, வாரத்தில் நான்கு நாள். அம்மாவுக்கு அந்த நேரம் பிடிக்கவில்லை. "பெண்பிள்ளை பத்து மணிக்கு ஒழுங்கையால் தனியே வருவதா?" என்று இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. அப்பாதான், "நான் போய்க் கூட்டிக்கொண்டு வருகிறேன்" என்று முடித்து வைத்தார். சொன்னபடியே, நான் வேலையை விட்ட நாள் வரை, இரவு ஒன்பது மணிக்கு மோட்டார் சைக்கிளில் வந்து கீழ் விறாந்தையில் ஒரு கதிரையில் அமர்ந்திருப்பார். தேத்தண்ணீர்ப் போத்தலும், சிவப்புக் கண்ணாடித்தாள் ஒட்டிய டோர்ச்சும் கொண்டு வருவார். வெள்ளை வெளிச்சம் பட்டால் இருளுக்குப் பழகிய கண் மறுபடி பழக இருபது முப்பது நிமிடம் பிடிக்கும் என்று ஒரு தடவைதான் அவருக்குச் சொன்னேன். இரவு வேலைக்குப் போகும் பிள்ளைகளுக்கு, ஆணோ பெண்ணோ, முதல் குறிப்பு இது: வீடு திரும்பும் வழியையும், இருட்டில் கூட நிற்கப்போகும் இரண்டாவது ஆளையும் சம்பளம் பேசும்போதே பேசிவிடுங்கள். எனக்கு அப்பா இருந்தார். அவர் இல்லாதிருந்தால் ஒரு மாதம்கூடத் தாக்குப்பிடித்திருக்க மாட்டேன்.

வேலை தொடங்குமுன் ஒரு நல்ல வாய்ப்புக் கிடைத்தது. திருவண்ணாமலைக்கு நேர்த்தி வைத்துக் குடும்பமாகப் போன இடத்தில், ஜவ்வாது மலையில் இருக்கும் காவலூர் வானாய்வகத்தையும் பார்த்துவிட்டு வந்தோம். ஊர்காவற்றுறையையும் நாங்கள் காவலூர் என்றுதான் சொல்வோம். அந்தப் பெயர் ஒற்றுமைக்காகவே அப்பா ஆசையோடு வந்தார். வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீற்றர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. 1977 இல் யுரேனசின் வளையங்கள் வெளிப்பட்டபோது அதற்கான பதிவுகளில் ஒன்று காவலூரின் ஒரு மீற்றர் தொலைநோக்கியில் எடுக்கப்பட்டது. நான் அந்தக் கருவிகளை வாயைப் பிளந்து பார்த்துக்கொண்டு நின்றேன். அங்கே பணியில் இருந்தவரின் பார்வையோ ஈரப்பதம் காட்டும் மானிக்கே திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருந்தது. இடையில் இரண்டு தடவை வெளியே போய், தலையை நிமிர்த்தி வானத்தைச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்தார். ஏன் அப்படிச் செய்கிறார் என்று எனக்கு அப்போது விளங்கவில்லை. கேட்கவும் தோன்றவில்லை.

பெரிய வானாய்வகங்களில் எதைப் பார்ப்பது என்று தீர்மானிப்பவர் ஆராய்ச்சியாளர். கருவியைத் திருப்புவது, குவியம் பார்ப்பது, இரவு முழுவதும் குறிப்பேடு எழுதுவது, காற்றும் ஈரமும் எல்லை மீறினால் கூரையை மூடுவது எல்லாம் இயக்குநரின் வேலை. மூடு என்று அவர் சொன்னால் ஆராய்ச்சியாளரும் மறுபேச்சுப் பேசுவதில்லை. ஹவாயின் மௌனா கீ மலையில் 4,200 மீற்றர் உயரத்தில் வேலை செய்பவர்கள் 2,800 மீற்றரில் உள்ள விடுதியில் தங்கி, உடலைப் பழக்கிக்கொண்டு மேலே போகிறார்கள். லடாக்கின் ஹன்லேயில் 4,500 மீற்றர் உயரத்தில் நிற்கும் இரண்டு மீற்றர் தொலைநோக்கியைப் பெங்களூருக்குப் பக்கத்தில் ஹொசகோட்டேயில் இருந்துகொண்டே செய்மதி வழியாக இயக்குகிறார்கள். இப்படி மலையுச்சிகளைத் தேடிப் போவதற்குக் காரணம் வறண்ட, மெல்லிய காற்று. யாழ்ப்பாணமோ கடல் மட்டத்திலிருந்து சில மீற்றர்தான் உயரம். எந்தப் பக்கம் போனாலும் கொஞ்சத் தூரத்தில் உப்புத் தண்ணீர். கொடையளித்தவர்களும் நிலையமும் இதைப் பற்றி ஒரு கணமும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

பெட்டி கொழும்புத் துறைமுகத்துக்கு வந்தபோதே செலவு தொடங்கிவிட்டது. அனுப்பியவர்கள் கொடைக் கடிதம் வைக்கவில்லை. விலைப்பட்டியலில் ஒரு பெயர், பெறுநர் இடத்தில் வேறு பெயர். கடிதம் வந்து சேரும் வரை பெட்டி களஞ்சியத்தில் கிடந்தது, களஞ்சியக் கூலி நாளுக்கு நாள் ஏறியது. "நீங்கள் கட்டிவிடுங்கள் பிள்ளை, வவுச்சர் போட்டுத் தருகிறோம்" என்றார்கள். 46,000 ரூபா கட்டினேன். அந்த வவுச்சர் இன்றுவரை வரவில்லை. கொடையாக வரும் எந்தக் கருவிக்கும், அது கப்பல் ஏறுமுன்பே, கொடைக் கடிதமும் விலைப்பட்டியலும் பெறும் நிலையத்தின் ஏற்புக் கடிதமும் ஒரே பெயரில் இருக்க வேண்டும். உங்கள் கைக்காசை மட்டும் போடாதீர்கள். அவசரத்துக்குப் போட்டாலும், போடுமுன் ஒரு கையெழுத்து வாங்குங்கள்.

அடுத்த சிக்கல் எனக்கு உண்மையிலேயே ஆச்சரியம். நட்சத்திரங்களைத் தொடர்ந்து செல்ல வேண்டுமானால் தொலைநோக்கியைச் சுமக்கும் தாங்கியின் அச்சு வானத்தின் வடதுருவத்தை நோக்கிச் சாய்ந்திருக்க வேண்டும். சாய்வு நாம் இருக்கும் அகலாங்கு அளவு. யாழ்ப்பாணத்துக்கு 9.7 பாகை. எங்களுக்கு வந்த தாங்கியின் சாய்வுத் திருகு 15 பாகைக்குக் கீழே இறங்கவே இல்லை! ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் இருப்பவர்களை மனதில் வைத்துச் செய்த கருவி அது. கட்டாயப்படுத்தி இறக்கினால் சமநிலைக் குண்டு தாங்கிய தண்டு தூணில் போய் இடித்தது. துருவ நட்சத்திரத்தைப் பார்த்துச் சரிசெய்யலாம் என்றால் அது அடிவானத்திலிருந்து பத்துப் பாகைகூட உயரமில்லை, பக்கத்து வளவுப் பனங்கூடலுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டது. மூன்று நாள் அழுகை முட்டிக்கொண்டு திரிந்தேன். கடைசியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். அங்கே இருந்த ஐயா தண்ணீர் இறைக்கும் இயந்திரங்களுக்குப் பாகம் கடைபவர். வானியல் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. நான் கொப்பியில் கீறிக் காட்டிய படத்தை ஒரு நிமிடம் உற்றுப் பார்த்தார். "கதவுக்கு ஆப்பு வைப்பதுபோல ஒரு இரும்பு ஆப்பு வேண்டும், அவ்வளவுதானே பிள்ளை" என்றார். ஒரு பக்கம் தடிப்பாக, மறுபக்கம் மெல்லியதாக, சரியாகப் பத்துப் பாகை சரிவில் வட்டத் தகடொன்று கடைந்து கொடுத்தார். தூணின் தலைக்கும் தாங்கிக்கும் நடுவே அதை வைத்துப் பூட்டினோம். திருகில் 20 பாகை வைத்தால் உண்மையில் 10 பாகை. தண்டும் தூணை விட்டு விலகி நின்றது. 8,500 ரூபா வாங்கினார். என் செலவுகளில் மனம் நிறைந்து கொடுத்தது அது ஒன்றுதான். பிறகு துருவ நட்சத்திரம் இல்லாமலே, தெற்கே ஒரு நட்சத்திரம், கிழக்கே ஒரு நட்சத்திரம் என்று பிடித்து, அவை பார்வையில் எந்தப் பக்கம் நழுவுகின்றன என்று பார்த்துப் பார்த்து அச்சைத் திருத்தினேன். நான்கு இரவு எடுத்தது. எங்கள் ஊருக்கு இந்த முறைதான் சரி. கருவி வாங்கப்போகிறவர்கள் முதலில் கேட்க வேண்டியது, தாங்கி பத்துப் பாகை வரை இறங்குமா என்பதுதான்.

2019 ஓகஸ்டில் முதன்முதலாகத் தள்ளுகூரையைத் திறந்தோம். தண்டவாளத்தில் ஓடும் தகரக் கூரை அது, இரண்டு பேர் தள்ள வேண்டும். பகல் முழுவதும் வெயில் குடித்த தகரத்தின் கீழ் குழாய் அடுப்பாகக் கிடக்கும். அதன் உள்ளே காற்று ஆறும் வரை, இரண்டு மணி நேரத்துக்கு, வியாழக் கிரகம் கொதிக்கும் தண்ணீருக்குள் கிடப்பது போல நெளியும். ஆறிய பிறகு பார்த்தால் அதன் பட்டிகள் இரண்டும் கோடு கீறியது போலத் தெரியும். சனியின் வளையத்தைப் பார்த்த ஒரு பெரியம்மா கண்ணை எடுக்காமல், "இவரா என்னை ஏழரை வருடம் ஆட்டியவர்? இவ்வளவு வடிவாக இருக்கிறாரே" என்றார். பஞ்சாங்கம் கணிக்கத் தெரிந்த முதியவர் ஒருவர் வாராவாரம் வருவார். வாக்கியப் பஞ்சாங்கத்துக்கும் திருக்கணிதப் பஞ்சாங்கத்துக்கும் உள்ள வேறுபாட்டைக் கிரகத்தை நேரில் பார்த்துக்கொண்டே எனக்கு விளக்குவார். 1823 இல் வட்டுக்கோட்டையில் தொடங்கிய செமினரியில் வானியல் கற்பித்தார்கள். 1829 இல் வந்த ஒரு சந்திரகிரகணத்தின் கணிப்பை வைத்து அங்குள்ள மிஷன் ஆசிரியருக்கும் அராலி விசுவநாத சாஸ்திரியாருக்கும் நடந்த வாதத்தை அவர் நேற்று நடந்தது போலச் சொல்வார். வானத்தைப் பற்றி வாதாடிய ஊர் இது. அதனால்தான் அந்தக் கருவியின் மேல் எனக்கு அவ்வளவு பிடிப்பு வந்தது என்று நினைக்கிறேன். வடக்கே இருப்பவர்கள் ஏங்கும் தென்வானமும் நமக்கு இருக்கிறது. சித்திரை வைகாசியில் தென்சிலுவை இருபது பாகை உயரத்தில் நிற்கும். ஒமேகா சென்டாரி என்ற நட்சத்திரக் கொத்து முப்பது பாகைக்கு மேல் ஏறிவரும், கண்ணுக்குள் சீனியைக் கொட்டியது போல.

அந்த ஆண்டு டிசம்பர் 26 இல் கங்கண சூரியகிரகணம் யாழ்ப்பாணத்தின் மேலாகவே போனது. காலையிலேயே நிலையத்து முற்றம் நிரம்பிவிட்டது. குழாயின் முன்வாயில் சூரிய வடிகட்டியை மூன்று இடத்தில் ரேப் ஒட்டிப் பூட்டினேன். பெரிய குழாயின் மேல் இருக்கும் ஃபைண்டர் என்ற சிறு குழாயை மூட மறந்துவிட்டேன். வரிசையில் நின்ற ஒரு சிறுமிக்குக் குனிந்து விளக்கிக்கொண்டிருக்கும்போது தோளில் சுருக்கென்றது. துப்பட்டாவில் சிறுவிரல் நுனி அளவுக்கு ஓட்டை, விளிம்பு கருகிப் புகைந்தது. அந்த ஒளி சிறுமியின் கண்ணில் விழுந்திருந்தால் என்று நினைக்கும்போது இன்றும் கை நடுங்குகிறது. சூரியனைக் காட்டுவதானால் ஃபைண்டரைக் கழற்றி அலுமாரிக்குள் வைத்துவிடுங்கள். மூடி போட்டால் போதும் என்று நினைக்காதீர்கள், பிள்ளைகள் மூடியைக் கழற்றுவார்கள். வடிகட்டி எப்போதும் குழாயின் முன்பக்கத்தில் இருக்க வேண்டும். கண்வில்லையில் திருகும் சிறு கறுப்புக் கண்ணாடி சூட்டில் வெடிக்கக்கூடியது, அதைக் கையால் தொடவும் வேண்டாம்.

2020 மார்ச் 20 இல் ஊரடங்கு வந்தது. கூரையின் சாவி அலுவலக அலுமாரியில் இருந்தது. அதுதான் அங்குள்ள வழக்கம். மாலையில் கையெழுத்துப் போட்டு எடுப்பேன், இரவில் காவலாளியிடம் கொடுப்பேன். பத்து வாரம் அந்தத் தகரப் பெட்டி திறக்கப்படவே இல்லை. நடுவில் பாஸ் எடுத்துப் போக முடிந்த ஒரு நாளில் அலுவலகம் பூட்டிக் கிடந்தது, சாவி வைத்திருந்தவர் கிளிநொச்சியில். அந்த இரண்டு மாதச் சம்பளமும் வரவில்லை, 60,000 ரூபா. அதைவிடவும் உள்ளே என்ன நடக்கிறதோ என்ற பயம்தான் என்னைத் தின்றது.

ஜூன் தொடக்கத்தில் திறந்தோம். மூடியைக் கழற்றி நேராகப் பார்த்தால் முன் கண்ணாடி சுத்தமாகத்தான் தெரிந்தது. அப்பாவின் டோர்ச்சில் இருந்த சிவப்புத் தாளை உரித்துவிட்டு, ஒளியைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்தேன். வாழைத்தண்டை முறித்து இழுக்கும்போது நூல் நூலாக வருமே, அதுபோல மெல்லிய வெள்ளை இழைகள் கண்ணாடிக்குள் ஓடிக் கிடந்தன. ஒவ்வொன்றும் ஒரு புள்ளியிலிருந்து கிளம்பி, கிளைவிட்டு, அடுத்ததைத் தொட்டுக்கொண்டிருந்தது. எண்ணினேன், பதினேழு இடம். பெரும்பாலானவை உட்பக்கத்தில். பூஞ்சணம். காற்றில் ஈரப்பதம் 70 வீதத்துக்கு மேல் நீடித்தால் கண்ணாடியில் அது வளரத் தொடங்கும். அது சுரக்கும் அமிலம் பூச்சைத் தின்று தழும்பு வைத்துவிடும். குழாயோடு நான் வைத்திருந்த, ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை எப்போதோ நீலம் போய் இளஞ்சிவப்பாகிக் கிடந்தது. நான் தரையில் உட்கார்ந்துவிட்டேன். அப்பா ஒன்றும் பேசாமல் தேத்தண்ணீர் ஊற்றித் தந்தார்.

அடுத்து நடந்தது முழுக்க முழுக்க என் பிழை. பதற்றத்தில் நானே சுத்தம் செய்யத் துணிந்தேன். முன் வளையத்தின் திருகுகளைக் கழற்றிக் கண்ணாடியை எடுத்தேன். அதைச் சுற்றி விளிம்பில் இருந்த தக்கைத் துண்டுகள் சில கீழே விழுந்தன. காய்ச்சி வடித்த நீரும் ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் பஞ்சும் வைத்து, அழுத்தாமல், நடுவிலிருந்து வெளியே ஒரே இழுப்பாகத் துடைத்தேன். அது சரியான முறைதான், இழைகள் பெரும்பாலும் போய்விட்டன. ஆனால் கண்ணாடி எந்தப் பக்கம் பார்த்து இருந்தது என்று குறியிடாமல் எடுத்துவிட்டேன். இந்த வகைத் தொலைநோக்கியில் முன் கண்ணாடியும் உள்ளே இருக்கும் ஆடிகளும் ஒன்றுக்கொன்று பொருத்தம் பார்த்துப் பூட்டப்பட்டவை. பழைய நிலையிலிருந்து சுழற்றி வைத்தால் படிமம் கெட்டுவிடும். தக்கைத் துண்டுகள் நடுவை நிலைநிறுத்துபவை. அன்று மாலை எடுத்த முதல் நட்சத்திரமே ஒரு பக்கம் வால் முளைத்து நின்றது. பதினொரு இரவு போராடி ஓரளவுக்குக் கொண்டுவந்தேன். பழைய கூர்மை வரவே இல்லை. கழற்றுமுன் கண்ணாடியின் விளிம்பிலும் குழாயிலும் ஒரே நேர்கோட்டில் பென்சிலால் ஒரு கோடு, ஒவ்வொரு தக்கைக்கும் ஒரு இலக்கம், கைபேசியில் நான்கு படம். இதற்கு இரண்டு நிமிடம் போதும். சில கருவிகளில் தொழிற்சாலையே விளிம்பில் சிறு குறி வைத்திருக்கும், தேடிப் பாருங்கள்.

இதன் பிறகு ஈரத்தோடு எப்படி வாழ்வது என்று ஒவ்வொன்றாகப் படித்தேன். வானம் தெளிந்த இரவில் கண்ணாடி தன் சூட்டை வானத்துக்கு விட்டுவிட்டுச் சுற்றியுள்ள காற்றைவிடக் குளிர்ந்துபோகும், உடனே பனி பிடிக்கும். தை மாசியில் ஒன்பது மணிக்கே நட்சத்திரங்களைச் சுற்றி ஒரு மங்கல் வட்டம் கட்டத் தொடங்கும். அதுதான் அறிகுறி. துணியால் துடைக்கவே கூடாது. குழாயின் முன் நீளமான கறுப்பு உறை ஒன்று, அதன் அடியில் பன்னிரண்டு வோல்ற் சூடாக்கிப் பட்டை ஒன்று இருந்தால் நள்ளிரவு வரை தாங்கும். ஈரத்தோடு மூடி போட்டுவிடாதீர்கள், முதலில் சூட்டில் உலர்த்துங்கள். கண்வில்லைகளை இறப்பர் விளிம்புள்ள காற்றுப் புகாத பெட்டியில், ஈரப்பதமானியோடு, 40 முதல் 50 வீதத்துக்குள் வையுங்கள். சிலிக்கா ஜெல்லை இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை அவணில் 120 பாகை செல்சியஸில் காயவைத்தால் மறுபடி நீலமாகும். மோட்டாரை நேரடியாக மின்சாரசபை இணைப்பில் ஓட்டாதீர்கள், பற்றரியில் ஓட்டுங்கள். மின்வெட்டிலும் நிற்காது, மின்னழுத்தம் ஏறி இறங்கினாலும் பாதிக்காது. பற்றரி, பட்டை, பெட்டி எல்லாமாக 31,000 ரூபா ஆனது. கேட்டேன், "அடுத்த வரவு செலவில் பார்ப்போம்" என்றார்கள். நானே வாங்கினேன்.

2021 ஏப்ரல் தொடக்கத்தில் ஒரு விழா. பிரதம விருந்தினர் வந்து தொலைநோக்கியில் பார்க்க வேண்டும் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருந்தார்கள். ஏழு மணிக்குத் தெற்கே மின்னத் தொடங்கியது. ஏழரைக்குக் காற்றுத் திசை மாறி ஈர மண்வாசம் வந்தது. "சேர், மூடப்போகிறேன்" என்று நிலையத்துப் பெரியவர் ஒருவரிடம் சொன்னேன். "பத்து நிமிடம் பொறு பிள்ளை, அவர் வந்துகொண்டிருக்கிறார், மூடிக்கிடந்தால் மரியாதையாக இருக்குமா?" என்றார். இரண்டாவது தடவை கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கத் துணிவில்லை. முதல் துளி விழுந்ததும் ஓடிப்போய்த் தள்ளினோம். தண்டவாளத்துக்குள் யாரோ வைத்த கதிரைக் கால் சிக்கிக்கொண்டது. இழுத்து எடுத்துக் கூரையை மூட மூன்று நிமிடம் ஆகியிருக்கும். சித்திரை மழைக்கு மூன்று நிமிடம் தாராளம். நான் என் சால்வையையும் அப்பா தன் சேர்ட்டையும் கழற்றிக் குழாயின் மேல் போட்டோம். அப்போதுதான் காவலூரில் அந்த மனிதர் ஏன் இரண்டு தடவை வெளியே போய் வானத்தைப் பார்த்தார் என்று எனக்கு விளங்கியது. அவரை யாரும் பத்து நிமிடம் பொறுக்கச் சொல்லியிருக்க மாட்டார்கள்.

அதன் பிறகு எழுத்தில் கேட்டேன். சாவியின் பிரதி ஒன்று என்னிடம் இருக்க வேண்டும், மூடுவதற்கு யாரிடமும் அனுமதி கேட்கத் தேவையில்லை என்று நிர்வாகம் ஒரு கடிதம் தர வேண்டும் என்று. கூட்டத்தில் வைப்பதாகச் சொன்னார்கள். வைக்கவில்லை. நானும் இரண்டாம் தடவை கேட்காமல் விட்டேன்.

நவம்பரில் வாடைக்காற்று மழை. ஒரு சனிக்கிழமை பகல் தாங்கியின் மென்பொருளைப் புதுப்பித்துக்கொண்டிருந்தபோது அலுவலகம் பூட்டும் நேரமாகிவிட்டது. அவசரப்படுத்தினார்கள். சுவிட்சை மட்டும் நிறுத்திவிட்டு, வயர்களைக் கழற்றாமல் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தேன். ஞாயிறு பிற்பகல் வானம் கறுத்தது. நெஞ்சு அடித்துக்கொண்டது. நான்கு பேருக்கு அழைத்தேன். ஒருவர் கலியாண வீட்டில், ஒருவர் எடுக்கவில்லை, இருவர் சாவி மற்றவரிடம் என்றார்கள். மழையில் நனைந்துகொண்டு கேற்றடியில் நின்றேன். பக்கத்துத் தென்னையில் இடி விழுந்த சத்தத்தை அங்கே நின்றுதான் கேட்டேன். திங்கட்கிழமை திறந்தபோது கருகிய மணம். தாங்கியின் மின்சுற்றுத் தகடு போய்விட்டது. மின்னல் நேரடியாக விழ வேண்டியதில்லை, பக்கத்தில் விழுந்தாலே நீளமான வயர்களில் பாய்ந்துவிடும். சுவிட்சை நிறுத்துவது காப்பாற்றாது. எல்லா வயரையும், கணினிக்குப் போகும் வயரையும் சேர்த்து, கையால் கழற்றி விலக்கி வைக்க வேண்டும். ஐப்பசி கார்த்திகையிலும் சித்திரையிலும் இதை ஒவ்வொரு இரவும் செய்யுங்கள். தூணுக்குத் தனியாக நிலத்தொடுப்புப் போடச் சொல்லுங்கள்.

புதுத் தகடு 450 டொலர். அன்றைய விலையில் 90,000 ரூபா. யார் கட்டுவது என்று ஐந்து மாதம் பேசினார்கள். பேசிக்கொண்டிருக்கும்போதே நாடு விழுந்தது. 2022 மார்ச்சில் ரூபாவின் மதிப்புச் சரியத் தொடங்கியது, மாத முடிவில் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. மே மாதத்தில் அதே தகடு 162,000 ரூபா. ஒரு கூட்டத்தில், "பொறுப்பில் இருந்தவர் வயரைக் கழற்றியிருக்கலாம்" என்று ஒருவர் சொன்னார். அது உண்மை. அதனால்தான் பதில் சொல்ல முடியாமல் எழுந்து, "நான் கட்டுகிறேன்" என்றேன். காப்புகளை அடகு வைத்தேன். தகடு வந்தது, பூட்டினேன், தாங்கி திரும்பியது. அடுத்த வாரம் விலகல் கடிதம் கொடுத்தேன். களஞ்சியக் கூலி, லேத் வேலை, பற்றரிச் சாமான், வராத சம்பளம், தகடு எல்லாம் கூட்டினால் 307,500 ரூபா. அம்மா அந்தக் கணக்கை இன்னும் ஒரு கொப்பியில் எழுதி வைத்திருக்கிறார்.

அன்று அப்படி எழுந்து நின்றிருக்கக் கூடாது என்று இப்போது நினைக்கிறேன். வயரைக் கழற்றாதது என் பிழை. மழையில் கேற்றடியில் நிற்க வைத்தது என் பிழை அல்ல. இரண்டையும் பிரித்துச் சொல்ல எனக்கு அந்தக் கூட்டத்தில் வாய் வரவில்லை. இருபத்தாறு வயதில், பெரியவர்கள் பன்னிரண்டு பேருக்கு முன்னால், வரவில்லை. அதனால்தான் அந்தத் தம்பியிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன்: சேருமுன் ஒரே ஒரு தாளில் நான்கு விடயம் எழுதி வாங்குங்கள். சாவி உங்களிடம். மூடும் முடிவு உங்களுடையது, விருந்தினர் யாராக இருந்தாலும். ஆண்டுக்கு இவ்வளவு என்று பராமரிப்புப் பணம். பழுதானால் செலவு நிலையத்துடையது. அதற்கு ஒப்புக்கொள்ளாவிட்டால் மறுத்துவிடுங்கள், தொலைநோக்கி இன்னொரு நாள் வரும். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "எழுதிக் கேட்டால் கோபிப்பார்களே அக்கா" என்றார். கோபிப்பார்கள் என்றுதான் சொன்னேன்.

இப்போது நான் ஒரு பாடசாலையில் விஞ்ஞானம் கற்பிக்கிறேன். உரும்பிராயில் எங்கள் வளவில் எட்டு அங்குலத் தொலைநோக்கி ஒன்று வைத்திருக்கிறேன். மோட்டார் இல்லை, மின்சாரம் இல்லை, பலகைப் பெட்டியில் சுழலும் எளிய குழாய். ஆடிகளை உலர் பெட்டியில் கழற்றி வைக்க முடிகிறது. உப்புக் காற்றுக்குப் பயந்து கடற்கரைக்குக் கொண்டு போவதில்லை. வெள்ளி இரவுகளில் ஏழெட்டுப் பிள்ளைகள் வருவார்கள். அப்பா அதே கதிரையில் அதே டோர்ச்சோடு இருப்பார். போன தை மாதம் ஒரியன் வாயு முகிலைப் பார்த்துக்கொண்டிருந்தோம். வரிசையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். குழாயோடு நின்ற ஒன்பதாம் வகுப்புப் பையன் கண்ணை எடுத்துவிட்டு என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"ரீச்சர், நட்சத்திரத்தைச் சுற்றி மங்கலாக வருகிறது. பனி பிடிக்கிறது. மூடட்டுமா?"

"மூடு" என்றேன்.